காந்தத்தில் ஒட்டும் கருமணலும் ஒட்டாத மஞ்சள் மணியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில் கடற்கரையை ஒட்டி உங்கள் வீடு. பிள்ளைகள் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தில் கயிறு கட்டி மணலில் இழுக்கிறார்கள், அதில் தாடி மாதிரி கருமணல் ஒட்டுகிறது. அப்படி ஒட்டுகிற மணல்தான் கதிர்வீச்சு மணலா, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகுமா, அதிலிருந்து நாட்டுக்கே கரண்டு எடுக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருவது மெய்யா, கன்னியாகுமரியில் வாங்கி ஷோகேஸில் வைத்திருக்கும் ஏழு நிற மணலைத் தூக்கிப் போடணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நான்கு போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: அந்த ஒரு கைப்பிடி மணலில் எது என்ன? அதைப் பிரித்துவிட்டால் மற்றவற்றுக்குப் பாதி பதில் வந்துவிடும்.

காந்தத்தில் ஒட்டுகிற கருப்பு மணிகளில் கொஞ்சம் மேக்னடைட், மிச்சம் பெரும்பாலும் இல்மனைட். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். கதிர்வீச்சுக்கு அதன்மேல் பழி போட முடியாது. கதிர் வீசுவது மோனசைட். அது கருப்பே அல்ல. தேன் நிறத்திலோ வெளிர் மஞ்சளிலோ, முட்டை போல உருண்ட சின்ன மணி. உங்கள் ஸ்பீக்கர் காந்தத்தை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஆக, பிள்ளைகள் காந்தத்தில் பொறுக்கி எடுப்பது கதிரியக்கமில்லாத பகுதியை. கதிரியக்கம் உள்ளது காந்தம் விட்டுவிட்டுப் போன மணலில் கிடக்கிறது. ஆனால் ஒன்று, இரண்டுமே கனமான மணிகள் என்பதால் கடல் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது. கருப்புத் திட்டு தெரிந்தால் மஞ்சளும் அதற்குள் இருக்கும். கருப்பு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும், கண்ணில்லாத பாதியாக எடுங்கள். கருப்பாகத் தெரியும் இடத்தில் இரண்டு கைப்பிடி மணல் அள்ளி, முக்கால் அளவு தண்ணீர் விட்டு, பத்துப் பதினைந்து விநாடி பக்கவாட்டில் மட்டும் குலுக்குங்கள். கனமானது அடியில் இறங்கட்டும். பிறகு லேசாகச் சாய்த்து, தேங்கி நிற்கும் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தால் வெள்ளை மணல் விளிம்பைத் தாண்டி ஓடும். எட்டுப் பத்துத் தடவை செய்தால் ஒரு கரண்டி அளவு மிஞ்சும். அதைக் கொஞ்சம் தண்ணீரோடு சுற்றி, சிரட்டையின் பக்கத்தில் விரலால் தட்டுங்கள். மணிகள் எடைப்படி விசிறி போல விரியும். வெளி ஓரத்தில் ரோஸ் நிறத்தில் கார்னெட், நடுவில் கருப்பு இல்மனைட்டும் அதோடு மினுமினுக்கும் நிறமற்ற ஜிர்கானும், எல்லாவற்றுக்கும் பின்னால் அசையாமல் நிற்கும் மூலையில் மெல்லிய மஞ்சள் கோடு. தண்ணீரைவிட வெள்ளை மணலான குவார்ட்ஸ் 2.65 மடங்கு கனம், கார்னெட் 4 மடங்கை ஒட்டி, இல்மனைட்டும் ஜிர்கானும் 4.7 அளவில், மோனசைட் 5-ஐத் தாண்டும். அந்த வரிசைதான் சிரட்டையில் விரிந்து கிடக்கிறது.

இதில் தப்பு நடப்பது மூன்று இடத்தில். அவசரப்பட்டுச் சாய்த்தால் கனமானதும் சேர்ந்து ஓடிவிடும். ஈர மணலில் காந்தம் வைத்தால் தண்ணீரின் பிசுபிசுப்பில் எல்லாமே ஒட்டும், வெள்ளை மணலும் காந்தத்துக்கு இழுபடுகிறது என்று தோன்றும். ஆகவே வெள்ளைத் தாளிலோ ஓட்டுத் துண்டிலோ பரப்பி நன்றாகக் காய வைத்த பிறகே காந்தம். அந்தக் காந்தத்தையும் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கவரிலிருந்து காந்தத்தை உருவினால் மணல் தானாக உதிரும், இல்லையென்றால் சுரண்டிச் சுரண்டி மாளாது. மூன்றாவது, மஞ்சளாகத் தெரிவதெல்லாம் மோனசைட் இல்லை. இரும்புக் கறை படிந்த குவார்ட்ஸும் மஞ்சளாகத்தான் இருக்கும். ஆனால் அது லேசானது, அலசும்போதே ஓடியிருக்கும், கோணல் மாணலாக உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். கடைசி மூலையில் நின்ற மஞ்சள், பத்து மடங்கு லென்ஸில் பார்க்க உருண்டையாக, குங்கிலியம் போல மங்கலாகப் பளபளத்தால் மோனசைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி சொல்ல ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் சோதனை வேண்டும். நியோடைமியம் காந்தம் கையில் இருந்தால் இல்மனைட் தாவி ஒட்டும், கார்னெட் மணிகளும் எழும்பும், மோனசைட் மிக அருகில் வைத்தால் லேசாக அசையும். மணல் ஆலையில் நடப்பதும் இதே வேலைதான். சுருள் வடிவச் சரிவுகளில் தண்ணீரோடு ஓடவிட்டுக் கனத்தைப் பிரிப்பார்கள். உலர்த்தி, மின்சாரம் கடத்தும் இல்மனைட்டையும் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்தையும் உயர் மின்னழுத்தத்தில் பிரிப்பார்கள். மிச்சத்தைப் பல வலுவுள்ள காந்தங்கள் வரிசையாகப் பார்த்துக்கொள்ளும். பார்த்து முடித்ததும் மணலைக் கடற்கரையிலேயே கொட்டிவிடுங்கள். 1962-ஆம் வருஷ அணுசக்திச் சட்டத்தின்படி மோனசைட் கட்டுப்பாட்டுக்குள் உள்ள பொருள், சேர்த்து வைப்பதோ விற்பதோ விளையாட்டல்ல.

கருப்பு ஏன் சில மாதங்களில் கூடித் தெரிகிறது என்பதற்கும் இதே கனக் கணக்குதான். ஆனி ஆடியில் கடல் ஏறும்போது வரும் அலைக்கு வேகம் அதிகம், எல்லா மணியையும் மேலே தூக்கிப் போடும். திரும்பிப் போகும் தண்ணீரில் பாதி மணலுக்குள் இறங்கிவிடுவதால் அதற்கு இழுக்கிற பலம் குறைவு, லேசான குவார்ட்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு போகும். கனமான மணிகள் பெரும்பாலும் பொடிசு. பெரிய குவார்ட்ஸ் மணிகளின் இடுக்கில் ஒளிந்துகொள்வதால் இன்னும் பத்திரமாக இருக்கும். கடல் அறுத்த கரையில் மண்வெட்டியால் ஓர் அடி செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். கருப்பும் வெளுப்பும் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு கருப்புக் கோடும் கடல் ஒருமுறை கோபப்பட்டதன் பதிவு. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட ஊர்களில் ஒரு பக்கம் மணல் சேர்ந்து வெள்ளை மூடும், மறுபக்கம் கரை அரிந்து கருப்பு தலைகாட்டும். இதனால்தான் ஒரே கரையில் மாசியில் அளந்த கதிர்வீச்சும் ஆவணியில் அளந்ததும் ஒத்துவராது. ஒரு நாள் அளந்துவிட்டு ஊருக்கே முத்திரை குத்துகிறவர்களிடம் எந்த மாதம் அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

மணிகள் வந்தது மலையிலிருந்து. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி சார்னோக்கைட், கோண்டலைட் எனும் பாறைகளால் ஆனது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து உருமாறியவை. அப்போது இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவின் ஒரு பகுதியும் நம்மோடு ஒட்டியிருந்தன. கோண்ட்வானா என்கிற ஒரே நிலம். அதனால்தான் இலங்கையின் புல்மோட்டையிலும் மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையிலும் இதே மாதிரி கனிம மணல் கிடக்கிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், பிரிந்து போனவர்கள். இதைக் குமரிக்கண்டத்தோடு முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, போட வேண்டாம். மடகாஸ்கர் நம்மை விட்டுப் போனதே சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதன் என்கிற பேச்சே இல்லாத காலம். மலை எழும்பி, மழையிலும் வெயிலிலும் பாறை உக்கும்போது அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிப் போய்விடும். குவார்ட்ஸ், ஜிர்கான், மோனசைட் போன்ற கெட்டி மணிகள் உக்காமல் உதிரும். வள்ளியாறு கடியப்பட்டணத்திலும், குழித்துறை தாமிரபரணி தேங்காப்பட்டணத்திலும், பழையாறு மணக்குடியிலும் கடலில் சேர்வதைப் பார்த்தால் மணல் வந்த வழி புரியும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. ஆறுகள் இன்னும் தள்ளிப் போய்க் கொட்டின. பிறகு ஏறிவந்த கடல் அதையெல்லாம் சலித்துச் சலித்துக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தது.

இந்த மணலை உலகம் கண்டுபிடித்ததுதான் வேடிக்கை. நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலம், 1909. இங்கிருந்து கப்பலில் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அப்போது அவர்களுக்கு வேண்டியது அணுவும் இல்லை, கரண்டும் இல்லை. விளக்கு! பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளில் தொங்கும் மேண்டிலின் சாம்பல் கூடு 99 சதவீதம் தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. இரண்டும் மோனசைட்டில் இருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது அந்த விளக்குக்காகத்தான்.

இனி பயத்துக்கு வருவோம். நம் நாட்டுக் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 8 முதல் 10 சதவீதம், யுரேனியம் அரைச் சதவீதத்துக்கும் கீழே. தோரியம்-232 பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,405 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். இவ்வளவு மெதுவாகச் சிதைவது என்றால் கதிர்வீச்சும் மந்தம் என்று பொருள். ஒரு மணியை எடுத்துக் கணக்குப் போடலாம். 0.2 மில்லிமீட்டர் மோனசைட் மணியின் எடை சுமார் 0.02 மில்லிகிராம். அதில் தோரியம் அணு ஒன்று சிதைய ஏறக்குறைய இரண்டரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தோரியத்தின் பின்னால் ரேடியம், ஆக்டினியம், தோரான் வாயு, பொலோனியம், பிஸ்மத், தாலியம் என்று வாரிசுகள் வரிசையாக வந்து கடைசியில் ஈயம்-208-இல் அடங்கும். அந்தப் பத்துச் சிதைவையும் சேர்த்தால் அந்த ஒற்றை மணி கால் நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கிறது. ஒரு கிராம் சுத்த மோனசைட்டில் விநாடிக்கு மூவாயிரம் துடிப்பு. மணி ஒன்று என்றால் ஒன்றுமில்லை, மணல்மேடு என்றால் அளக்க வேண்டிய விஷயம். அளவுதான் எல்லாம்.

உடம்புக்கு வரும் கதிரை மில்லிசீவர்ட்டில் சொல்வார்கள். மனிதர் ஒருவருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்குக் கிடைப்பது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். சாதாரண ஊர்களில் வெட்டவெளியில் கருவி மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட்டை ஒட்டிக் காட்டும். நம் கனிமக் கரையில் அது சில மடங்கு கூடும், கருமணல் திட்டுகளின் மேல் 1 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டும் இடங்களும் உண்டு. பிள்ளை ஒன்று அப்படி 1 மைக்ரோசீவர்ட் உள்ள திட்டில் தினம் 2 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் விளையாடினால் கூடுதலாகச் சேர்வது 0.6 மில்லிசீவர்ட். ஒரு வயிற்று சி.டி. ஸ்கேனில் கிடைப்பது 8 முதல் 10. அதே திட்டின்மேல் வீட்டைக் கட்டிக்கொண்டு இரவு பகலாக ஆண்டு முழுக்க இருந்தால் 8.76. வித்தியாசம் எங்கே இருக்கிறது பாருங்கள். மணல் அதே மணல், நேரம்தான் வேறு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று ஒரு வரம்பு சொல்வார்கள். அது ஆலை, அணுஉலை போல மனிதன் உண்டாக்குவதற்கான வரம்பு, இயற்கைக் கதிருக்கு அல்ல. விவாதங்களில் இரண்டு தரப்பும் இதைக் குழப்பித்தான் பேசுகின்றன.

இந்த அளவால் நோய் வருமா என்பதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்லவேண்டும். பக்கத்துக் கேரளத்தில், இதே வகை மணல் உள்ள கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டது. கதிர் அளவு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. இது பெரிய, கவனமான ஆய்வு. இன்னொரு பக்கம், 2002-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு அதே கரையில் வாழும் குடும்பங்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ-வில் மாற்றங்கள் கூடுதலாக இருப்பதாகக் காட்டியது. அந்த மாற்றங்களால் நோய் வந்தது என்று அது காட்டவில்லை. குறைந்த கதிர் சிறிதும் கெடுதல் செய்யாதா, கொஞ்சமாகச் செய்கிறதா என்பதில் அறிவியலாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. விளைவு மிகச் சிறிதாக இருந்தால் அதைப் பிடிக்க 70,000 பேரும் போதாமல் போகலாம். மேலும் அந்தக் கணக்கை நம் கரைக்குப் பொருத்துவது ஊகம்தான், நியாயமான ஊகம். உங்கள் தெருவில் யாருக்காவது கேன்சர் வந்திருந்தால் அதற்கு மணல்தான் காரணம் என்றோ இல்லவே இல்லை என்றோ தனி ஒருவரை வைத்து எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. கதிரால் வந்த கட்டிக்குத் தனி அடையாளம் கிடையாது. புகையிலையால் வாயிலும் நுரையீரலிலும் புற்றுநோய் வரும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. வெற்றிலையோடு அதைப் போட்டுக்கொண்டே மணலைப் பழிக்கிறவர்களைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது.

ஆக, பிள்ளைகள் விளையாடட்டும். வீட்டுக்குள் வரும்போது கைகால் கழுவ வேண்டும், மணல் கையோடு சாப்பிடக் கூடாது. தவழும் குழந்தையைக் கருமணல் மேல் உட்கார வைத்துவிட்டு வேலை பார்க்க வேண்டாம், வாயில் போடும். போட்டாலும் பதற வேண்டியதில்லை. மோனசைட் குடலில் எளிதில் கரையாது, வந்த வழியே போய்விடும். மூச்சில் போகும் தூசிதான் வேறு கதை. காய்ந்த கனிம மணலை முறத்தில் போட்டுப் புடைப்பது, வீட்டுக்குள் சலிப்பது, இரண்டும் வேண்டாம். சிரட்டையில் அலசி மிஞ்சிய மஞ்சள் மூலையைப் பாட்டிலில் சேர்த்துச் சேர்த்துப் படிக்கிற மேசையில் வைப்பதும் வேண்டாம். இயற்கை பரப்பி வைத்ததை நாம் குவித்தால் கணக்கு மாறிவிடும்.

விளையாட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது வீடு கட்டுகிறவர்களைப் பற்றித்தான். பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடல் மணலைத் தரை நிரப்பவும் பூசவும் போட்டுவிட்டால் ஆண்டுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் மணி நேரமும் கதிர் வீட்டுக்குள்ளேயே. அதுபோக உப்பு கம்பியைத் தின்றுவிடும். கதிர்வீச்சு இல்லாத வெள்ளைக் கடல் மணலாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே கான்கிரீட்டில் போடக் கூடாது. ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் இடிக்க வேண்டாம். தோரான் வாயு 56 விநாடிக்குள் பாதியாகிவிடும் என்பதால் அது சுவரை ஒட்டிய சாண் இரண்டு சாணுக்குள்தான் அதிகம் நிற்கும். கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்துங்கள், சுவர் வெடிப்பை அடைத்துப் பூசி வண்ணம் அடியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவரையே ஊடுருவி வரும் காமா கதிரை வண்ணம் தடுக்காது. அதற்கு அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளப்பதற்கு ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் கைகர் கருவி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும். மணலில் வைத்தால் அதிக தூரம் போகாத பீட்டா கதிரும் கருவியின் குழாய்க்குள் புகுந்து எண்ணிக்கை ஏறும், உடம்புக்குக் கிடைக்கும் அளவை மிகைப்படுத்திக் காட்டும். ஆகவே தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து, பத்து நிமிடமாவது ஓடவிட்டுச் சராசரி எடுங்கள். 100 எண்ணிக்கைதான் வந்தது என்றால் அதில் பத்து முன்பின் சாதாரணம், 1,000 வந்தால்தான் 3 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதே கருவியை நாகர்கோவில் பக்கம் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு வீட்டிலும் வைத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். போனில் கதிர்வீச்சு காட்டுவதாகச் சொல்லும் ஆப்களில் சில, போனுக்குள் இருக்கும் காந்த உணரியைத்தான் வாசிக்கின்றன. அதை இல்மனைட் பக்கம் கொண்டுபோய்ப் பயந்தவர்கள் இருக்கலாம்!

வாட்ஸ்அப் கரண்டுக் கணக்கில் விதை உண்மையானது. 1 கிராம் தோரியத்தை முழுவதும் எரிபொருளாக மாற்றி முழுவதும் பிளந்தால் ஏறக்குறைய 23,000 யூனிட் வெப்பம், அதில் மூன்றில் ஒன்று மின்சாரமானால் சுமார் 7,600 யூனிட். மாதம் 200 யூனிட் எரியும் வீட்டுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் வரும். அந்த 1 கிராம் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி மோனசைட்டில் இருக்கிறது. இந்தியாவில் உள்ள மோனசைட் சுமார் 1.3 கோடி டன் என்று அணுசக்தித் துறை மதிப்பிட்டிருக்கிறது. சிக்கல் 'மாற்றி' என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. தோரியம் தானாகப் பிளந்து தொடர்வினை நடத்தாது. ஈர விறகு மாதிரி, பக்கத்தில் வேறொரு தீ வேண்டும். நியூட்ரான் ஒன்றை வாங்கிக்கொண்டால் 22 நிமிட அரை ஆயுளில் (பாதி அணுக்கள் மாற ஆகும் நேரம்) புரோட்டாக்டினியம் ஆகும், அது 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம்-233 ஆகும். எரிவது அந்த யுரேனியம். அந்த 27 நாளில் இன்னொரு நியூட்ரான் பட்டால் வேறொன்றாகிப் பாழ். கூடவே யுரேனியம்-232 கொஞ்சம் உண்டாகும். அதன் வாரிசுகளில் ஒன்று தாலியம்-208, காமா கதிர்களிலேயே மிக வீரியமான ஒன்றை வீசுவது. மணவாளக்குறிச்சிக் கரையில், கதிர்களை வீரியப்படி பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி வைத்தால் வலது ஓரத்தில் தனியாக எழும் முகடு இதே தாலியம்தான். கரையில் துளித்துளியாக இருப்பது, எரிபொருள் ஆலையில் குவிந்து நிற்கும். தடித்த சுவருக்குப் பின்னால் எந்திரக் கைகளால்தான் வேலை செய்ய முடியும், செலவும் ஏறும்.

இதனால்தான் அணு விஞ்ஞானி ஹோமி பாபா மூன்று படியாகத் திட்டம் போட்டார்: முதலில் யுரேனிய உலை, அதில் வரும் புளூட்டோனியத்தை வைத்து, எரிப்பதைவிட அதிகமாக எரிபொருளை உண்டாக்கும் வேக ஈனுலை, அதன் பிறகே தோரியம். கல்பாக்கத்தில் 1996 முதல் காமினி என்ற உலை யுரேனியம்-233-இல் ஓடியிருக்கிறது, அதன் திறன் வெறும் 30 கிலோவாட் வெப்பம், ஆராய்ச்சிக்கு. இரண்டாம் படிக்கான 500 மெகாவாட் ஈனுலையும் அங்கேதான் கட்டப்பட்டது. மூன்றாம் படி இன்னும் காகிதத்திலும் ஆய்வகத்திலும்தான். இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கூடங்குளம் நம் மணலில் ஓடவில்லை, அது செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடுகிறது.

எதிர்காலத் தொழில்நுட்பம் என்றால் நான் தோரியத்தைவிட மோனசைட்டில் மிச்சமிருக்கும் பாதிக்கு மேற்பட்ட பங்கையே பார்ப்பேன். அது அருமண் தனிமங்கள்: சீரியம், லாந்தனம், நியோடைமியம், பிரசியோடைமியம். மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரிலும் காற்றாலையிலும் இருக்கும் வலுவான காந்தம் நியோடைமியத்தால் ஆனது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றும் காற்றாலைகளில் எல்லாவற்றிலும் அது இல்லை, சில வகைகளில் மட்டும். அந்தக் காந்தம் சூட்டிலும் வலு குறையாமல் இருக்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் நம் மோனசைட்டில் மிகக் குறைவு, ஆகையால் மணல் இருக்கிறது, எல்லாம் நம்மிடம் இருக்கிறது என்று மார்தட்டவும் முடியாது. சிரட்டைச் சோதனையில் இல்மனைட்டைத் தூக்கிய நியோடைமியம் காந்தத்தின் சரக்கு, அது தூக்காமல் விட்ட மஞ்சள் மணிக்குள்தான் கிடக்கிறது.

கடைசியாக அந்த ஷோகேஸ் பாக்கெட். அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் சமையலுக்கு வைத்த அரிசியும் தானியமும் மணலாய்ப் போயிற்று என்று கதை சொல்லித்தானே விற்கிறார்கள். கருப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட்டாகவோ முட்டம் பக்கத்துத் தேரி போல இரும்புத் துரு பூசிய குவார்ட்ஸாகவோ இருக்கும், மஞ்சளும் வெளுப்பும் அநேகமாகக் குவார்ட்ஸ். சில கிராம்தான், ஷோகேஸிலேயே இருக்கட்டும். மஞ்சள் பாக்கெட்டின்மேல் மட்டும் சந்தேகம் என்றால் ஒரே அளவு பாக்கெட்டுகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பாருங்கள். மோனசைட் என்றால் வெள்ளையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும்.